தபால் ஓட்டு: முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாச்சியைத் தேடி யார் வருவார்கள்?

பாம்பன்காற்று

எங்கள் அம்மாச்சி தங்கச்சிமடத்துக்காரர். இரண்டு வருஷம் முன்னால் வீட்டுக் கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்தும் நடை திரும்பவில்லை. பெரிய மாமா படகு, வலை என்று கடலோடு கிடப்பவர். அத்தை பாசி எடுக்கப் போய்விடுவார். பகலெல்லாம் கட்டிலில் தனியாகக் கிடக்கிறாரே என்று ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறோம். குறை சொல்ல முடியாத இடம்தான்.

2024 மக்களவைத் தேர்தலில் அவருக்கு ஓட்டு இல்லாமல் போனது. வீட்டுக்கே வந்து தபால் ஓட்டு வாங்குகிறார்கள் என்று டி.வி.யில் பார்த்துவிட்டு, "என்னைத் தேடி எப்ப வருவாக?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் வரவில்லை. தேர்தலன்று தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் ஐம்பது கிலோமீட்டருக்குப் பக்கம். பாலத்தில் ஏறி இறங்கி, அந்தக் காற்றில், அந்த இடுப்போடு கூட்டிப்போக எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த தேர்தலுக்காவது என்ன செய்ய வேண்டும்? இல்லத்தில் இருப்பவர்களுக்குத் தபால் ஓட்டு உண்டா, இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒன்றாம்வகுப்பு டீச்சர்

தம்பி, நான் பள்ளிக்கூட வேலையோடு பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வேலையும் சில வருஷம் பார்த்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், இதன் பேர்தான் தபால் ஓட்டு. இதில் தபால்காரருக்கு வேலை கிடையாது. நீங்கள் 12டி படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை ஏற்றுக்கொண்டால் தேர்தலுக்கு முன்பே ஒரு குழு வீட்டுக்கு வரும். இரண்டு வாக்குப்பதிவு அலுவலர்கள், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுப்பவர். வருகிற நாளை முன்கூட்டியே சொல்வார்கள். வேட்பாளர்களுக்கும் பட்டியல் கொடுப்பார்கள், அவர்களுடைய ஏஜென்ட் வந்து நிற்கலாம். அட்டை மறைப்பு வைத்து, அதற்குள் சீட்டில் பேனாவால் குறி போட்டு, உறைக்குள் ஒட்டி, உறுதிமொழியில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு போவார்கள். முதல் முறை ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள். அதிலும் இல்லையென்றால் அவ்வளவுதான்.

இரண்டு பேருக்குத்தான் இது. ஒன்று, 85 வயது தாண்டியவர்கள். இன்னொன்று, 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று சான்றிதழ் உள்ளவர்கள்.

தேதிதான் எல்லோருக்கும் தப்பிப்போகிற இடம். தேர்தல் அறிவிக்கை வந்து ஐந்து நாளுக்குள் 12டி போய்ச் சேர வேண்டும். 2024இல் மார்ச் 16 அன்று தேர்தலை அறிவித்தார்கள். 20ஆம் தேதி அறிவிக்கை. 25ஆம் தேதியோடு 12டி முடிந்தது. ஓட்டுப்பதிவோ ஏப்ரல் 19. டி.வி.யில் வீட்டு ஓட்டைக் காட்டும்போது மனுவுக்கான நாள் முடிந்திருக்கும். உங்கள் அம்மாச்சி பார்த்ததும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்று. 12டி ஏற்றுக்கொண்ட பிறகு, மனசு மாறிச் சாவடிக்குப் போனால் ஓட்டுப் போட விடமாட்டார்கள். பட்டியலில் பேருக்கு நேராகத் தபால் ஓட்டு என்று குறித்திருக்கும்.

இல்லத்தில் இருப்பவருக்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. ஆனால் பி.எல்.ஓ. கையில் இருப்பது அவருடைய பாகத்தின், அதாவது அவருடைய ஒரு சாவடிக்கு உட்பட்டவர்களின், பட்டியல். அவர் உங்கள் தங்கச்சிமடம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். இல்லம் இருப்பது இன்னொருவருடைய பாகம். அந்த பி.எல்.ஓ. பட்டியலில் உங்கள் அம்மாச்சி இல்லை. இரண்டு பேருமே தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருப்பார்கள், உங்கள் அம்மாச்சிக்கு மட்டும் ஓட்டு இருந்திருக்காது.

அம்மாச்சிக்கு என்ன வயது?

தொண்டிநானா

டீச்சர் சொன்ன 85இல் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் வாப்பா 1940இல் பிறந்தவர். 2021 சட்டமன்றத் தேர்தலில் 80 தாண்டினாலே போதும் என்று இருந்தது. அவருக்கு 81. வீட்டுக்கு வந்து ஓட்டு வாங்கிப்போனார்கள். சட்டையெல்லாம் மாற்றி, அத்தர் போட்டு உட்கார்ந்திருந்தார். 2024 மார்ச் 1 அன்று விதியைத் திருத்தி 85 ஆக்கிவிட்டார்கள். அப்போது அவருக்கு 84. மூன்று வயது கூடியிருக்கிறது, கண்ணும் போய்விட்டது, வீட்டு ஓட்டும் போய்விட்டது. எண்பது தாண்டியவர்களில் பெரும்பாலோர் சாவடிக்கே வந்துவிடுகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். வருகிறவர்கள் வரட்டும், வர முடியாதவர்களுக்குத்தானே இந்த ஏற்பாடு?

நோன்பு மாதம் வேறு. தூக்கிக்கொண்டு அலைய முடியாமல் 12டி விஷயத்தில் நாங்களும் அசட்டையாக இருந்துவிட்டோம், அதையும் சொல்ல வேண்டும்.

மண்டபம்ஜங்ஷன்

நான் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவன். எந்தக் கட்சி என்பது வேண்டாம். வீட்டில் கிழவிக்கு ஓட்டு என்றாலே எனக்குக் கொஞ்சம் உதறும். முதியோர் இல்லம் என்றால் இன்னும் உதறும். முப்பது பேர் ஒரே கூரையின் கீழ். சாப்பாடு போடுகிறவர், மாத்திரை கொடுக்கிறவர், கக்கூஸுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறவர் எல்லாம் ஒரே ஆள். அந்த ஆள் ஒரு சின்னத்தைச் சொன்னால், மாட்டேன் என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? வீடியோ எடுக்கிறார்கள்தான். முதல் நாள் ராத்திரி கட்டில் பக்கத்தில் பேசியதை யார் வீடியோ எடுப்பது?

நான் மட்டும் சொல்லவில்லை. 80 வயதுக்காரர்களுக்குத் தபால் ஓட்டு என்ற விதியை எதிர்த்து 2021இல் தி.மு.க.வே சென்னை உயர் நீதிமன்றம் போனது. மனு தள்ளுபடியானது, சரி. ஆனால் சந்தேகம் ஒன்றும் வானத்திலிருந்து குதித்ததில்லை.

ஒன்றாம்வகுப்பு டீச்சர்

மண்டபம் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் சாவடியில், கண் தெரியாதவருக்கோ கை நடுங்குகிறவருக்கோ துணையாக வருகிறவர் அன்றைக்கு ஒரே ஒருவருக்குத்தான் துணை வரலாம் என்று விதி. 18 வயது முடிந்திருக்க வேண்டும், ரகசியம் காப்பேன் என்று எழுதியும் தர வேண்டும். இல்லத்திலும் அதே கணக்கைக் கறாராகப் பிடித்தால் மேனேஜர் முப்பது பேருக்குக் குறி போட முடியாது. பேரப்பிள்ளைகள் யாராவது அன்றைக்குப் போய் நிற்கலாமே.

மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி. மகன் வீட்டில் இருக்கிற அம்மாவிடம் மருமகள் எந்தச் சின்னம் என்று சொல்வதில்லையா? அதற்காக அந்த அம்மாவின் ஓட்டை நிறுத்தினோமா?

மில்வாக்கி_ராம்நாட்டான்

தேவிபட்டினத்தில் பிறந்து, பத்து வருஷமாக அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறேன். வீட்டம்மா இங்கே முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நர்ஸ். மண்டபத்தின் சந்தேகத்துக்கு இங்கே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அஞ்சல் வழி ஓட்டு இந்த ஊரில் யாருக்கும் உண்டு, வயது வரம்பு கிடையாது. ஆனால் இல்லங்களில் இருப்பவர்களுக்கு உள்ளூர்த் தேர்தல் அலுவலகம் இரண்டு பேரை அனுப்பும். பெரிய கட்சிகள் இரண்டும் ஆள் கொடுக்கலாம். அவர்கள் அறைக்கு அறை போய் ஓட்டு வாங்குவார்கள். இல்லத்தின் ஊழியர்கள் அதில் கை வைக்கக் கூடாது. உறவினர் உதவலாம்.

2020இல் கொரோனா வந்தபோது இல்லங்களுக்குள் வெளியாட்களை விடவில்லை. அதனால் அந்த இரண்டு பேரை அனுப்ப வேண்டாம், ஓட்டுச் சீட்டைத் தபாலிலேயே அனுப்புங்கள் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் சொன்னது. அது சட்டப்படி சரியா என்று பின்னால் பெரிய சண்டை. இங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். ஆனால் ஒன்று, குழு போவது இல்லத்துக்கு. ஆள் எங்கே படுத்திருக்கிறாரோ அங்கே.

கச்சான்

முதியோர் ஓட்டு இருக்கட்டும், கடலில் கிடக்கிறவன் ஓட்டுக்கு வழி சொல்லுங்கள். 2024இல் ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்ததால் விசைப்படகுக்காரர்கள் எல்லாம் கரையில் இருந்தார்கள், 19ஆம் தேதி ஓட்டுப் போட்டார்கள். தேர்தல் ஒரு மாசம் முன்னால் வந்திருந்தால்? இலங்கைச் சிறையில் கிடந்தவர்களுக்கு?

அப்புறம், அந்தத் தேர்தலில் நம்ம தொகுதியில் ஓ.பன்னீர்செல்வம் என்ற பேரிலேயே ஆளுக்கு மேல் ஆள் நின்றார்களே. எண்பத்தைந்து வயதுப் பாட்டி எதைப் பார்த்துக் குறி போடுவார்?

நெறியாளர்

கச்சான், மீனவர் ஓட்டுக்குத் தனி இழை தொடங்குங்கள், நியாயமான விஷயம்தான். பன்னீர்செல்வங்களை இங்கே இழுக்க வேண்டாம். அந்தப் பேச்சு ஆரம்பித்தால் நூறு பதிவு போகும்.

பாம்பன்காற்று

டீச்சர், வயது கேட்டீர்கள். அங்கேதான் எங்கள் கதையே சிக்கியிருக்கிறது.

அம்மாச்சி தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் புயலில் வீடு, பெட்டி, பத்திரம் எல்லாம் போனது. உயிரோடு வந்தவர்கள் பலரும் ராமேஸ்வரம், தங்கச்சிமடம் என்று வந்து குடியேறினார்கள். பிறந்த சான்றிதழ் என்ற பேச்சுக்கே இடமில்லை. ரேஷன் கார்டு எழுத வந்தவர் முகத்தைப் பார்த்து ஒரு வயதைப் போட்டார். அதைப் பார்த்து வாக்காளர் அட்டை. வாக்காளர் அட்டையைப் பார்த்து ஆதார். ஆதாரில் 1945 ஜனவரி 1. ஜனவரி ஒன்றாம் தேதி நம்ம கரையில் எத்தனை பேருக்குப் பிறந்தநாள் என்று எண்ணிப் பாருங்கள்.

அம்மாச்சி சொல்கிற கணக்கு வேறு. "பதினெட்டு வயசுல கல்யாணம், எட்டாம் வருசம் புயல்." அப்படியானால் 1938. 2024இல் 86. பட்டியல்படி 79. எங்கள் பெரிய மாமா பிறந்தது 1958. பட்டியலை நம்பினால் அம்மாச்சிக்கும் அவர் மகனுக்கும் 13 வயதுதான் வித்தியாசம். இந்தக் கணக்கை யாரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்ததில்லை, இப்போது நான் போட்டேன்.

தொண்டிநானா

பாத்திமா மாமி ஒருத்தர் எங்கள் தெருவில் அண்ணனைவிட இரண்டு வயது மூத்தவராக ஆதாரில் இருக்கிறார். அவர் தங்கச்சி.

ஏர்வாடிப்பக்கம்

முதியோர் இல்லத்தைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. யாரும் நினைப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துப் பையன். அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. அதன் பிறகு அந்தக் காப்பகங்களை மூடினார்கள், விசாரணை நடந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சங்கிலி போடவே கூடாது என்று எழுதிவிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது ஓட்டு. மனநோய் இருந்தாலே ஓட்டு இல்லை என்று இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள், அதிகாரிகளும் சில பேர். அப்படி இல்லை. 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 16ஆம் பிரிவின்படி, புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தால்தான் பேரை எடுக்கலாம். டாக்டர் சீட்டு போதாது. 2017 சட்டமும் மனநோய் இருப்பதாலேயே ஒருவரைப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் 2019 மக்களவைத் தேர்தலுக்கு வளாகத்துக்குள்ளேயே சாவடி வைத்தார்கள். நூறு பேருக்கு மேல் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள்.

ஆனால் அதே 1950 சட்டத்தின் 20ஆம் பிரிவு, மனநலக் காப்பகத்தில் நோயாளியாக இருப்பதால் மட்டும் ஒருவர் அந்த இடத்தில் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்கிறது. வெளியூரிலிருந்து கூட்டி வந்து விட்டுவிட்டுப் போனவர்கள், விலாசம் சொல்லத் தெரியாதவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய ஓட்டு யாருமே திரும்பிக் கூப்பிடாத ஒரு ஊரில் இருக்கிறது. 12டி எல்லாம் அவர்களுக்கு அடுத்த ஜென்மம்.

மண்டபம்ஜங்ஷன்

இது எனக்குத் தெரியாது. நீதிமன்றம் அறிவித்தால்தான் என்பது உண்மையிலேயே எனக்குப் புதிது. போன தேர்தலில் எங்கள் சாவடிக்கு வந்த ஒரு பையனைப் பார்த்து நானே ஆட்சேபம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை, நல்லவேளை.

சாயல்குடி_பனை

பாம்பன் தம்பி, ஓட்டை இல்லத்து விலாசத்துக்கு மாற்றிவிடு, படிவம் 8 போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். ஊராட்சித் தேர்தலுக்கும் சட்டமன்றப் பட்டியலைத்தான் அடிப்படையாக எடுக்கிறார்கள். பேரை இங்கே மாற்றினால் ஊர்த் தலைவர் தேர்தலில் அம்மாச்சிக்கு ஓட்டு கிடையாது. எம்.பி.யைவிடத் தலைவர்தான் அந்த வயதுக்காரர்களுக்கு முக்கியம். தெருக்குழாய்க்கு, சாலைக்கு, பென்ஷன் மனுவுக்கு யாரிடம் போனார்கள்? இரண்டு இடத்திலும் பேர் வைத்துக்கொள்வதும் குற்றம்.

மாற்றாமல் விட்டால் அதிலும் கண்டம் இருக்கிறது. எங்கள் சித்தி மதுரையில் ஒரு இல்லத்தில் இருக்கிறார். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்குப் படிவம் கொடுக்க வந்தபோது, வீட்டில் இருந்த மதினி "அவுக இங்க இல்லையே" என்றார். பொய் இல்லையே அது! வீட்டில் வயது வந்த யாராவது அவருக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கலாம் என்பது மதினிக்குத் தெரியாது. டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சம் பேருக்கு மேல் எடுபட்டது, அதில் சித்தியும் ஒருத்தர். இடம் பெயர்ந்தவராம். பிறகு படிவம் 6 எழுதி, உறுதிமொழி கொடுத்து, முதல் முறை ஓட்டுப் போடுகிற பிள்ளை மாதிரிப் பேரைச் சேர்த்தோம். சித்திக்கு 74.

பாம்பன்காற்று

ஐயோ, இதை நினைக்கவே இல்லை. இப்போதே மாமாவுக்குப் போன் போட்டேன். நவம்பரில் அத்தை படிவத்தில் கைநாட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். பேர் இருக்கிறது. இல்லத்துக்கு வந்து, அம்மாச்சி விரலைப் பிடித்து மையில் அமுக்கி, பஸ் ஏறிப் போயிருக்கிறார். எங்கள் யாரிடமும் சொல்லக்கூட இல்லை.

ஒன்றாம்வகுப்பு டீச்சர்

உங்கள் அத்தைக்கு என் வணக்கம்.

இப்போது வழி சொல்கிறேன். வயதை விட்டுவிடுங்கள். ஆதார், அட்டை எல்லாம் ஒரே பொய்யைச் சொல்லும்போது திருத்த அலைந்தால் வருஷம் போகும். அம்மாச்சிக்கு நடக்க முடியாதே, அதைப் பிடியுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி ஊனச் சான்றிதழ் வாங்குங்கள். 40 சதவீதம் வந்துவிட்டால் வயது 79 ஆனாலும் 97 ஆனாலும் கேள்வி இல்லை. படிவம் 8இல் மாற்றுத்திறனாளி என்று குறிக்கச் சொல்லுங்கள். தேர்தல் அறிவித்த மறுநாளே 12டி, கூடவே சான்றிதழ் நகல். இதைத் தேர்தல் சமயத்தில் ஆரம்பித்தால் நடக்காது, சான்றிதழுக்கே நாளாகும். சந்தேகம் வந்தால் 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்கு அடியுங்கள், எடுப்பார்கள்.

விலாசம்தான் உங்கள் முடிவு. சாயல்குடி சொன்னது சரி.

மில்வாக்கி_ராம்நாட்டான்

விலாசத்தை மாற்றாவிட்டால் குழு தங்கச்சிமடத்துக்குத்தானே வரும்? அம்மாச்சியை அன்றைக்கு அங்கே கொண்டுபோக முடியுமென்றால், சாவடிக்கே கொண்டுபோயிருக்கலாமே.

ஒன்றாம்வகுப்பு டீச்சர்

ஆமாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ராமேஸ்வரம் தீவும் ராமநாதபுரமும் ஒரே சட்டமன்றத் தொகுதி என்பது ஒன்றுதான் ஆறுதல். தேர்தல் நடத்தும் அலுவலர் ஒருவரே. அவருக்கு மனு எழுதி, ஆள் இங்கே இருக்கிறார், குழுவை இங்கே அனுப்புங்கள் என்று கேட்கலாம். நல்ல மனசுக்காரராக இருந்தால் செய்வார். நல்ல மனசை நம்பித்தான் போக வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பாம்பன்காற்று

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், கேட்டவர்களுக்காக.

சான்றிதழுக்கு அம்மாச்சியை ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். இன்னும் கையில் வரவில்லை, வரும் என்கிறார்கள். வயதையும் நான் விடவில்லை, டீச்சர் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் கல்யாணம் தனுஷ்கோடியில் நடக்கவில்லை, தீவுக்குள் இன்னொரு கோவிலில்தான் ஓலை வாசித்துத் தாலி கட்டியிருக்கிறார்கள். அங்கே பழைய பதிவேட்டைப் பங்குத்தந்தை எடுத்துக் காட்டினார். 1956, மணப்பெண் வயது 18. பக்கத்தில் அம்மாச்சியின் அப்பா போட்ட பெருக்கல் குறி. நகல் வாங்கி வைத்திருக்கிறேன், எந்த அலுவலகம் ஏற்கும் என்று பார்க்க வேண்டும்.

விலாசத்தை மாற்றலாமா என்று அம்மாச்சியையே கேட்டேன். இதுவரை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருவாட்டி புயலு மாத்துச்சு. இப்ப நீ மாத்துறியா? வேணாம். அந்த ஆபீசரு இங்க வரட்டும், என் ஓட்டு அங்கயே இருக்கட்டும்" என்றார்.

மனுவை அந்த மாதிரியே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மண்டபம்ஜங்ஷன்

எழுதி முடித்ததும் இங்கே போடு மாப்ள. எங்கள் பெரியம்மாவும் இல்லத்தில்தான் இருக்கிறார், விலாசம் மண்டபம். குழு வருகிற அன்றைக்கு நான் ஏஜென்டாக இல்லாமல் மகனாக மட்டும் போய் நிற்கிறேன்.